முட்டைக் கடிகாரம்

பூட்டு செய்கிற கம்பெனியில் திருட்டு என்று கேட்டதும் நான் சிரித்துவிட்டேன். வேன் ஓட்டிக்கொண்டிருந்த அக்கா சிரிக்கவில்லை. அவள் பிரேக்கை மிதித்த மிதியில் என் நெற்றி முன் சீட்டின் முதுகில் போய் முட்டியது.

"சிரிப்பா இருக்கா தம்பி? எம் புருஷனை அட்டைப்பெட்டி மேல உக்கார வச்சு, பக்கத்துல காவலுக்கு ஆளை நிறுத்தி வச்சிருக்காங்க. ஆபீஸ் முடியறதுக்குள்ள சாமான் கிடைக்கலைன்னா போலீஸாம்."

"தப்பா எடுத்துக்காதேம்மா. இவன் எழவு வீட்டுலயும் பல்லைக் காட்டுவான்" என்றார் மாமா.

மாமா என்றால் என் கூடப்பிறந்த அக்காவின் புருஷன்; வேன் அக்கா வேறு. தொழில் துப்பறிதல். நான் அவருக்கு உதவியாளன். சம்பளம் என்று எதுவும் கிடையாது, அக்கா போடுகிற சோறு உண்டு, அதோடு சேர்த்துப் போடுகிற வசவும் உண்டு. மாமா மூக்குக் கண்ணாடியைத் துடைக்க என் சட்டை நுனியைத்தான் பிடித்து இழுப்பார். தன் சட்டை கசங்கிவிடுமாம்.

வேனில் மாமாவும் நானும் பின்னால்தான் உட்கார்ந்திருந்தோம். வேன் அக்கா பள்ளிக்கூடப் பிள்ளைகளை இறக்கிவிட்டுவிட்டு நேரே எங்கள் வீட்டு வாசலுக்கு வந்திருந்தாள். எந்தக் குழந்தையோ மறந்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டில் என் காலடியில் உருண்டுகொண்டே வந்தது. முன் சீட்டு காலியாகத்தான் இருந்தது. நான் ஏறப் போனபோது, "அது அவர் சீட்டு" என்று ஒரே வார்த்தையில் கதவைச் சாத்திவிட்டாள்.

"தினமும் சாயந்தரம் அவரை நான்தான் கூட்டிக்கிட்டுப் போவேன்" என்றாள் கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்து. "ஆள் நல்ல பருமன். ஏறி உக்காந்தா வண்டி இடது பக்கம் சாயும். அந்தச் சாய்வுக்கே கை பழகிப்போச்சு. இன்னிக்கு வண்டி நேராப் போகுது, எனக்கு ஓட்டவே வரலை." சொல்லும்போதே குரல் உடைந்தது. நான் சிரித்ததற்காக என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

கம்பெனி வாசலில் காவலாளி என்னைத் தலை முதல் கால் வரை தடவிப் பார்த்தான். உள்ளே போகிறவனை எதற்குத் தடவுகிறாய் என்று கேட்டேன். "இன்னிக்கு எல்லாரையும்தான்" என்றான். உள்ளேயும் அதே கதைதான். ஒருத்தர் கையை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சாப்பாட்டுப் பைகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தார்கள். பேச்சு மட்டும் இல்லை. நாங்கள் கடந்து போனதும் முதுகுக்குப் பின்னால் முணுமுணுப்பு கிளம்பியது.

முதலாளி தன் அறையில் ஒரு சாவியை உள்ளங்கையில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பூட்டு போச்சு. சாவி மட்டும் இருக்கு" என்றார் மாமாவிடம். "கள்ளச் சாவிக்கு மசியாத பூட்டு சார். மாதிரிக்கு ஒண்ணே ஒண்ணுதான் செஞ்சேன். எதிர் கம்பெனிக்காரன் கையில கிடைச்சுதுன்னா, பிரிச்சுப் பார்த்துட்டு எனக்கு முன்னாடியே கடைக்கு அனுப்பிடுவான். என் உழைப்பு அத்தனையும் தண்ணியில போட்ட மாதிரிதான்."

"பார்க்க எப்படி இருக்கும்?"

"சாதா பூட்டு மாதிரி. வெளி ஓடு எங்க பழைய மாடல்தான். சூட்சுமமெல்லாம் உள்ள."

நடந்ததைச் சொன்னார். காலையில் வேலைக்கு வருகிறவர்களும் வெளியாட்களும் ரிசப்ஷனில் அட்டையைத் தேய்க்க வேண்டும், மாதிரிகள் வைக்கிற அறைக்குப் போகவும் அங்கேதான். தேய்த்ததும் கதவு திறக்கும், மேஜை மேலிருக்கிற கேமரா ஒரு படம் எடுத்துக்கொள்ளும். இன்று சாப்பாட்டு நேரத்தில் ரிசப்ஷனில் ஆள் இல்லாதபோது யாரோ பேக்கிங் பிரிவின் பொது அட்டையைத் தேய்த்து உள்ளே போயிருக்கிறார்கள். அந்த அட்டை பேக்கிங் ஹால் வாசலில் ஆணியில் தொங்கும். பக்கத்துக் கொக்கியில் தூசிக்குப் போடுகிற நீலக் கோட்டு, தொப்பி, முகமூடி எல்லாம் தொங்கும். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்.

"அப்புறம் ஏன் இந்தம்மாவோட வீட்டுக்காரரை மட்டும் உக்கார வச்சிருக்கீங்க?" என்றார் மாமா.

"படத்துல இருக்கறது மூட்டைதான். எல்லாரும் ஒரே வாயா சொல்றாங்களே."

மூட்டை என்பது பேக்கிங் மேஸ்திரிக்கு, அதாவது வேன் அக்காவின் புருஷனுக்கு, கம்பெனி வைத்த பெயர். அவள் தாடை இறுகியது.

"வெளிய எதுவும் போகலை. கேட்டை உடனே மூடச் சொல்லிட்டேன். ஒவ்வொரு பையையும் திறந்து பார்த்தாச்சு. என் மச்சான்தான் கூட நின்னு பார்த்தான்" என்று முதலாளி கதவோரம் நின்றவரைக் காட்டினார். முதலாளியின் மனைவிக்குத் தம்பி. விற்பனைப் பொறுப்பு அவருக்குத்தான். கம்பெனியில் எல்லாருக்கும் அவர் 'மச்சான் சார்'. சட்டைக் கையைப் பிதுக்கிக்கொண்டு நிற்கிற புஜம், எண்ணெய் போட்டு வாரிய முடி. இன்னொரு மச்சானைப் பார்த்த சந்தோஷத்தில் நான் பல்லைக் காட்டினேன். அவர் காட்டவில்லை.

ரிசப்ஷனுக்கு அவரே எங்களைக் கூட்டிக்கொண்டு போனார்.

ரிசப்ஷன்காரம்மா கம்பெனி தொடங்கியதிலிருந்து அதே நாற்காலியில் இருக்கிறவள். அழுது முடித்த கண். கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினாள். ஸ்க்ரீனின் இடது மூலையில் ஒரு ஒடுக்கமான கட்டம். அதற்குள் நீலக் கோட்டு, தொப்பி, முகமூடி. கண் இருக்க வேண்டிய இடத்தில் தொப்பி நிழல்.

"இது மூட்டை அண்ணன்தான் சார். சொல்லவே வாய் கூசுது. எனக்குக் கூடப் பொறந்தவர் மாதிரி" என்றாள்.

மாமா குனிந்து பார்த்தார். "முகமே தெரியலையேம்மா."

"உடம்பு தெரியுதே சார்."

"உடம்பா? நடுத்தரமாத்தானே இருக்கு? கோட்டு வேற தொளதொளன்னு. மேஸ்திரி இவ்வளவுதானா?"

"அய்யோ, இல்லை சார். நேர்ல ரெண்டு ஆள் அகலம்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "மத்தியானம் மட்டும் இளைச்சிட்டாரா?" என்றேன். வேன் அக்கா என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

மச்சான் சார் முன்னால் வந்தார். "புது ஆளுங்களுக்குக் குழப்பமாத்தான் இருக்கும் சார். எங்க ப்ரோக்ராம்ல ஒரு கோளாறு. இந்தக் கட்டத்துல யார் வந்தாலும் ஒல்லியாத்தான் தெரிவாங்க. என்னையே பாருங்க, இதுல ஊதினா பறந்துடுவேன். நாங்க என்ன பண்ணுவோம்னா, தெரியறதுக்கு மேல ரெண்டு சுத்து சதையைச் சேர்த்துப் பார்த்துப்போம். பழக்கம்தான். இந்தக் கட்டத்துலயே ஒருத்தர் இவ்வளவு சதையாத் தெரியறார்னா நிஜத்துல எவ்வளவு இருப்பார்? அப்படி ஒரு உடம்பு இங்க மூட்டைக்கு மட்டும்தான்."

"ஆமா சார். எனக்குப் பார்த்த உடனே தெரிஞ்சிடும்" என்றாள் ரிசப்ஷன்காரம்மா மூக்கை உறிஞ்சியபடி.

கணக்கு சரியாகத்தான் இருந்தது. எனக்கே மேஸ்திரி மேல் சந்தேகம் விழுந்துவிட்டது. வெட்கத்தோடு வேன் அக்காவைப் பார்த்தேன். அவள் ஸ்க்ரீனையே வெறித்துக்கொண்டிருந்தாள். "இது அவர் நிக்கற நிலையே இல்லை" என்றாள் மெதுவாக. பெண்டாட்டி பேச்சை எந்த விசாரணையில் எடுத்துக்கொள்கிறார்கள்?

மச்சான் சார் பக்கத்திலிருந்த தன் கண்ணாடி அறைக்குள் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். மூட்டை எப்போதுமே மாதிரி அறைப் பக்கம் சுற்றுவதாகச் சொன்னார். பாவப்பட்ட ஆள்தான், ஆசை யாரை விட்டது என்றார். மின்விசிறி ஓடியும் அவர் நெற்றியில் வேர்வை வழிந்துகொண்டிருந்தது. கைக்குட்டை தெப்பலாக நனைந்து போக, சட்டைக் கையால் துடைக்க ஆரம்பித்தார். மேஜைக்குக் கீழே ஜிம் பை இருந்தது. பூட்டுப் போட்ட ஜிப்பின் இடுக்கில் துண்டின் நுனி ஒன்று வெளியே தெரிந்தது.

வெளியே வந்ததும் மாமாவின் காதில் சொன்னேன்: "துண்டைக் காலடியில வச்சுக்கிட்டு சட்டையால துடைக்கிற ஆளை இன்னிக்குத்தான் பார்க்கறேன். நம்ம வீட்டுல நீங்கதான் என் சட்டையில துடைப்பீங்க. இவர் சொந்தச் சட்டையிலயே துடைக்கிறார், நல்ல மனுஷன்."

மாமா சிரிக்கவில்லை. நின்றார். என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மறுபடியும் ரிசப்ஷனுக்கு நடந்தார்.

"பழைய படங்களைக் காட்டும்மா. போன வாரத்துப் படம், எதா இருந்தாலும் சரி."

ரிசப்ஷன்காரம்மா காட்டினாள். யாரோ கொரியர்காரன், ஊசி மாதிரி. யாரோ ஒரு பெண், குச்சி மாதிரி. முதலாளியே அதில் பட்டினி கிடந்தவர் மாதிரி நின்றார். மாமா அவர்களைப் பார்க்கவில்லை. அவர்கள் தலைக்கு மேலே எதையோ பார்த்தார். சட்டென்று என் சட்டை நுனியை இழுத்துக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். கழற்றினார், மறுபடி துடைத்தார்.

"டேய் மாப்ளே, எனக்குப் பவர் மாறிடுச்சு போலிருக்கு. அந்தச் சுவர்க் கடிகாரம் என்ன வடிவம்?"

கேமராவுக்கு நேர் எதிரே சுவரில் கடிகாரம் தொங்கியது. "வட்டம் மாமா."

"படத்துல?"

பார்த்தேன். கொரியர்காரன் தலைக்கு மேல் கடிகாரம் முட்டை மாதிரி நெட்டுக்குத்தலாக இருந்தது. "முட்டை."

"மனுஷனை ஒல்லியாக்கற கட்டம் கடிகாரத்தை மட்டும் விட்டுடுமா? அதையும் ஒடுக்கியிருக்கு. நியாயம்தான். இப்ப இன்னிக்கு மத்தியானத்துப் படத்தைப் போடும்மா."

நீலக் கோட்டு வந்தது. அதன் தொப்பிக்கு மேலே கடிகாரம். நல்ல வட்டமாக.

நான் சுவரையும் ஸ்க்ரீனையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"இன்னொண்ணு. பழைய படத்துல ஓரத்துல ஒரு செடி தெரியுது. இதுல இல்லை. செடியை யார் எடுத்தது?"

"யாரும் எடுக்கலையே சார், அதோ இருக்கே!" ரிசப்ஷன்காரம்மா கை காட்டினாள். தொட்டிச் செடி சுவரோரம் சாதுவாக நின்றது.

"அப்ப செடியும் கடிகாரமும் அப்படியேதான் இருக்கு. மாறினது கட்டம்தான்." மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இந்தக் கட்டம் இப்ப யாரையும் ஒல்லியாக் காட்டறதில்லை. உள்ளதை உள்ளபடி காட்டுது. நீ பழக்க தோஷத்துல ரெண்டு சுத்து சதையைச் சேர்த்துட்டேம்மா. அந்த ஆள் நிஜமாவே நடுத்தரம்தான்."

ரிசப்ஷன்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு ஒரு சந்தேகம். "காலையிலேருந்து எத்தனை பேர் அட்டை தேய்ச்சிருப்பாங்க? வித்தியாசம் தெரியலையா?"

"ஆள்தான் எதிர்ல நிக்கறாங்களே தம்பி, அப்புறம் கட்டத்தை யார் பார்ப்பா? நான் இல்லாதப்ப வந்தவங்களை மட்டும்தான் பார்ப்பேன்" என்றாள். அதுவும் நியாயம்தான்.

"காலையில மேஸ்திரி வந்திருப்பாரே, அந்தப் படம்?"

அவள் ஒவ்வொன்றாகத் தள்ளித் தேடினாள். வந்தது. மேஸ்திரி கட்டம் முழுக்க இருந்தார். ஒரு தோள் இடது விளிம்பைத் தொட்டது, இன்னொரு தோள் வலது விளிம்பைத் தாண்டிப் போய்விட்டது. பக்கத்தில் நீலக் கோட்டுக்காரனை வைத்துப் பார்த்தால் அவருடைய ஒரு காலுக்குக் காணமாட்டான்.

"இவர்தான்!" என்று வேன் அக்கா கத்தினாள். "இவர்தான் எம் புருஷன்!" ஸ்க்ரீனைத் தொட்டுப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. "இப்பவே விடச் சொல்லுங்க சார்."

"பொறு. எடுத்தவனைக் காட்டாம விடச் சொன்னா, 'ஏதோ கம்ப்யூட்டர்ல தப்பிச்சுட்டான்'னு காலம் முழுக்கப் பேசுவாங்க. அது வேண்டாம்" என்றார் மாமா.

அவர் சொன்னது சரி. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தலையசைத்தாள்.

கம்ப்யூட்டர்காரனின் அறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. போகிற வழியிலேயே நான் கேஸை முடித்துவிட்டேன். "இவன்தான் மாமா. சத்தமில்லாம ப்ரோக்ராமை மாத்தியிருக்கான் பாருங்க. உடம்பும் நடுத்தரமாத்தான் இருக்கும், எழுதி வச்சுக்கோங்க."

கதவைத் திறந்தால், உள்ளே துடைப்பத்துக்குச் சட்டை போட்ட மாதிரி ஒருத்தன். என் கேஸ் அங்கேயே படுத்துவிட்டது. பழைய கட்டத்தில் இவன் வெறும் கோடாகத்தான் தெரிந்திருப்பான்.

"கட்டத்தை எப்ப சரி பண்ணினே?" என்றார் மாமா, வணக்கம்கூட இல்லாமல்.

அவன் முகம் வெளுத்தது. "நேத்து சாயந்தரம் சார். எல்லாரும் போனப்புறம்."

"என்ன பண்ணினே? எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

"கேமரா எடுக்கற படம் அகலமானது சார். ஸ்க்ரீன்ல நமக்கு இருக்கற கட்டம் ஒடுக்கம். முதல்ல எழுதினவர் அகலத்தை மட்டும் அமுக்கி உள்ள தள்ளிட்டார். பாயை அலமாரிக்குள்ள திணிக்கற மாதிரி. அதான் எல்லாரும் நெட்டையா, ஒல்லியாத் தெரிஞ்சாங்க. இப்ப நான் அகலத்தையும் உயரத்தையும் ஒரே அளவுல குறைக்கிறேன். கட்டத்துக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கறதை ரெண்டு பக்கமும் வெட்டிடறேன்."

"செடி அப்படித்தான் வெட்டுப்பட்டுச்சா? கேமரா எடுத்த முழுப் படம் எங்க?"

"அதை வச்சுக்கறதில்லை சார். குறைச்ச படத்தைத்தான் சேமிக்கும். இடம் பத்தாதுன்னு அந்தக் காலத்துல செஞ்ச ஏற்பாடு."

"சரி. இத்தனை வருஷமா இருந்த கோளாறு நேத்து மட்டும் ஏன் உன் கண்ணை உறுத்துச்சு?"

அவன் தலை குனிந்தான். "யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க சார். வேலை போயிடும்."

"ரொம்ப நல்லது. என்கிட்டயும் சொல்லாதே. முதலாளி ரூமுக்கு வா. அவரே கேப்பார்" என்று மாமா அவன் தோளில் கை போட்டார். "மாப்ளே, நீ மச்சான் சாரையும் கூப்பிடு. அவர் ஜிம் பையை நீயே மரியாதையாத் தூக்கிக்கிட்டு வா. கேட்டா, மாமாவுக்கு உடம்பு ஏத்த ஆசை, யோசனை கேக்கணுமாம்னு சொல்லு."

பையைத் தூக்க நான் குனிந்ததும் மச்சான் சார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நானே எடுத்துக்கறேன்" என்றார். நல்ல பிடி. பையை நெஞ்சோடு வைத்துக்கொண்டே நடந்தார். மடியில் கனம் என்பார்களே, எனக்கு அப்போதுதான் மெல்ல உறைக்க ஆரம்பித்தது.

முதலாளி அறையில் எல்லாரும் நின்றோம். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். ஆபீஸ் முடிய அதிக நேரம் இல்லை. போன் அவர் கையருகே இருந்தது.

"சார்" என்றார் மாமா மச்சான் சாரைப் பார்த்து. "அந்தக் கட்டத்தைப் பத்தி எனக்கு விளக்கமாச் சொன்னீங்களே, உங்க அத்தானுக்கும் ஒரு தடவை சொல்லுங்க."

"அவருக்குத் தெரியாததா? அதுல எல்லாரும் ஒல்லியாத்தான் தெரிவாங்க. சேர்த்துத்தான் பார்க்கணும்."

"இன்னிக்குமா?"

"என்னிக்குமேதான்."

"தம்பி, நீ சொல்லு" என்றார் மாமா கம்ப்யூட்டர்காரனிடம்.

அவன் முதலாளி முகத்தை மட்டும் பார்த்துப் பேசினான். "நேத்தே சரி பண்ணிட்டேன் சார். இப்ப எல்லாரும் சரியாத் தெரிவாங்க."

"யார் உன்னைச் சரி பண்ணச் சொன்னது?" என்றார் முதலாளி.

"மச்சான் சார்தான். ஜிம்முக்குப் போய் உடம்பை ஏத்தி வச்சா உன் ஸ்க்ரீன்ல சீக்காளி மாதிரி தெரியறேனேடான்னு திட்டினார். சரி பண்ணினதும் அவரே வந்து கேமரா முன்னாடி நின்னு பார்த்தார். 'இப்பத்தான்டா இது நான்'னு என் முதுகுல தட்டினார். யார்கிட்டயும் சொல்லாதே, அவங்களாப் பார்த்து ஆச்சரியப்படட்டும்னார்."

முதலாளி மச்சான் பக்கம் திரும்பினார்.

"மறந்துட்டேன்" என்றார் மச்சான் சார்.

"நேத்து சாயந்தரம் நின்னு ரசிச்சதை இன்னிக்கு மத்தியானம் மறந்துட்டீங்க" என்றார் மாமா. "சரி, அழகா தெரியணும்கற ஆசைக்கு மாத்தச் சொன்னீங்களா, திட்டத்தோட மாத்தச் சொன்னீங்களா, எனக்குத் தெரியாது. ஆனா அந்தப் படம் உள்ளபடி காட்டுதுன்னு இந்தக் கம்பெனியில தெரிஞ்சவங்க ரெண்டே பேர்தான். ஒருத்தன் இந்தத் துரும்பு. இவன் மேல கோட்டைப் போட்டா கோட்டுதான் நடக்கும். இன்னொருத்தர் நீங்க. தெரிஞ்சே எங்கிட்ட ரெண்டு சுத்து சேர்த்துப் பாருங்கன்னீங்க. அந்தம்மா சொன்னது பழக்கம். நீங்க சொன்னது பொய்."

"வார்த்தையை அளந்து பேசுங்க. பூட்டு என்கிட்ட இருக்கா? எங்கிட்ட எதுவும் இல்லை!" என்றார் மச்சான் சார். அப்பன் குதிருக்குள் இல்லை என்று கேட்காமலே சொன்ன பிள்ளைதான் எனக்கு ஞாபகம் வந்தான்.

"இருக்குன்னு நான் சொல்லவே இல்லையே. வேர்த்துக் கொட்டுது. பையைத் திறந்து துண்டை எடுத்துத் துடைச்சுக்கோங்க."

"சாவி வீட்டுல இருக்கு."

மாமா முதலாளியிடம் திரும்பினார். "உங்க கையில ஒரு சாவி இருக்கே. அதைப் போட்டுப் பாருங்க."

"இது என் மாதிரிப் பூட்டோட சாவி சார். வேற எந்தப் பூட்டுக்கும் சேராது."

"அதனாலதான் சொல்றேன்."

முதலாளி எழுந்து வந்தார். மச்சான் சார் பையை விடவில்லை. "விடுடா" என்றார் முதலாளி, சின்னப் பிள்ளையிடம் சொல்வது போல. கை தளர்ந்தது. ஜிப்பில் தொங்கிய பூட்டு கம்பெனியின் பழைய மாடல்தான், பார்த்தால் யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பூட்டுக் கம்பெனியில் பூட்டை ஒளிக்க அதைவிட நல்ல இடம் ஏது? பூட்டாகவே தொங்க விட்டிருந்தான் மனுஷன்.

சாவி உள்ளே போனது. திருப்பினார். சத்தமே இல்லாமல் பூட்டு வாயைத் திறந்தது.

முதலாளி முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம்தான். "திறந்துடுச்சு, பாருங்க, எவ்வளவு மெத்துனு" என்று எங்களைப் பார்த்துச் சிரித்தார். அப்புறம்தான் யார் பையில் திறந்தது என்பது அவருக்கு உறைத்தது. அந்தச் சிரிப்பு கலைந்ததை என்னால் பார்க்க முடியவில்லை.

"உன் அக்காகிட்ட நான் என்னடா சொல்லுவேன்?" என்றார்.

"எதிர் கம்பெனிக்கு இதோட போனா நான் பங்குதாரர். இங்க?" மச்சான் சார் குரல் உயர்ந்தது. "நான் ஓடி ஓடி வித்தேன், வாசல் போர்டுல உங்க பேர். எனக்கு ஒரு பேரே கிடையாது. கேட்டுல நிக்கறவன்கூட மச்சான் சார்னுதான் கூப்பிடறான்."

"அதுக்கு, பெட்டி தூக்கற மனுஷன் ஜெயிலுக்குப் போகணுமா?" என்று கேட்டது வேன் அக்கா. மச்சான் சார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேறு யார் கேட்டிருந்தாலும் பதில் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

முதலாளி போனைக் கையில் எடுத்தார். "ஆபீஸ் முடியறதுக்குள்ள போலீஸ்னு சொன்னேன். அந்த வார்த்தை எல்லாருக்கும் பொதுதான்" என்றார். எண்ணை அழுத்திவிட்டார்.

படி இறங்கும்போது மாமாவைக் கேட்டேன். "பையில தொங்கினது அந்தப் பூட்டுதான்னு எப்படி மாமா?"

"கண்டுபிடிச்சதே நீதானடா. துண்டு காலடியில கிடக்க, சட்டையில துடைக்கிறான்னு நீதானே சொன்னே? திறக்க முடிஞ்சா எவனாவது திறக்காம இருப்பானா? அமுக்கினா பூட்டிக்கும், திறக்கத்தான் சாவி வேணும். நீ சிரிச்சுட்டு விட்டுட்டே, நான் விடலை."

பாராட்டா திட்டா தெரியவில்லை. இரண்டில் பாதி பாதி என்று எடுத்துக்கொண்டேன். "மச்சான்களை நம்பக் கூடாதுன்னு இனிமே என்னையும் தடவிப் பார்ப்பீங்களா?" என்றேன்.

"உன் பையில என்னடா இருக்கு? என் கண்ணாடி துடைச்ச அழுக்குதானே" என்றார்.

பேக்கிங் ஹாலில் மேஸ்திரி அட்டைப்பெட்டி மேல் குந்தியிருந்தார். பெட்டி ஒரு பக்கம் நசுங்கிப் போயிருந்தது. முதலாளி முன்னால் போய்க் கையைப் பிடித்து, "என்னை மன்னிச்சிடு" என்றார். மேஸ்திரி எழுந்து நின்றார். ரிசப்ஷன்காரம்மா அழுதுகொண்டே வந்தாள்.

"அண்ணே, நான் பார்த்ததைச் சொல்லலை. பழக்கத்தைச் சொல்லிட்டேன்."

"எனக்கும் அந்தக் கட்டம் பழக்கம்தான்மா" என்றார் மேஸ்திரி மெதுவாக. "தினமும் காலையில எட்டிப் பார்ப்பேன், இன்னிக்குத்தான் அவசரத்துல பார்க்கலை. அதுல ஒருத்தன் நல்லா லட்சணமா நிப்பான். அதையும் சரி பண்ணிட்டாங்களாமே?"

அவர் சிரிக்க முயன்றார். அவளுக்கு அழுகை அதிகமானது. உதவியாளன் அழக்கூடாது என்று மாமா சட்டம் போட்டிருப்பதால் நான் நசுங்கிய பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வாசலில் காவலாளி மேஸ்திரியைத் தடவிப் பார்க்கக் கையை நீட்டினான், பிறகு எதையோ நினைத்துக்கொண்டு எடுத்துவிட்டான். ஜன்னல்களில் முகங்கள் தெரிந்தன. காலையில் மேஸ்திரியைப் பார்த்துக் கையாட்டியிருக்கும் அதே முகங்கள்தான் மத்தியானம் அவரைத் திருடன் என்றன. அவர் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் நடந்தார். வேன் பக்கம் வந்ததும் முன் கதவை விட்டுவிட்டுப் பின் கதவைத் திறந்தார்.

"நான் பின்னாடி உக்காந்துக்கறேன்" என்றார். "எல்லாரும் பார்க்கறாங்க. எம் பருமனால வந்த வினைதானே இத்தனையும்."

வேன் அக்கா சுற்றி வந்து அந்தக் கதவை அறைந்து சாத்தினாள். முன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

"யார் பார்த்தா என்ன? முன்னாடி ஏறுய்யா. வண்டி நேராப் போய்ப் போய் எனக்குக் கை வலிக்குது."

அவர் ஒரு காலை வைத்தார். கம்பியைப் பிடித்து மெல்ல ஏறி உட்கார்ந்தார். வேன் ஒரு முனகலோடு இடது பக்கம் சாய்ந்தது. பின்னாலிருந்த தண்ணீர் பாட்டில் உருண்டு போய் அந்தப் பக்கச் சுவரில் முட்டி நின்றது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள்.